கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொன்ன பஸ்

ப்ரூயிட், கொலராடோ
செப்டம்பர் 18, புதன்கிழமை

திரு. கர்ட்டிஸ் ஹோல்பர்ட் அவர்களுக்கு,
ஹார்லன் கிரீக் தபால் நிலையத்தில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்வதற்காக.

ரோண்டா எழுதுகிறேன், உங்கள் மனைவி மார்னியின் அக்கா. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே குப்பைத்தொட்டி எங்கே என்று உங்கள் கண் தேடியிருக்கும். கோபப்பட உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. இந்த முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு அப்புறம் கிழித்துப்போடுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்த பஸ்ஸை ஓட்டிக்கொண்டு கெட்டில் கணவாயைத் தாண்டாதீர்கள். மார்னியையும் குழந்தை ஹேசலையும் உள்ளே வைத்துக்கொண்டு சத்தியமாகத் தாண்டாதீர்கள். அவர்களை இறக்கிவிட்டு நீங்கள் மட்டும் தனியாகப் போகிற யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சலவைக் கடையிலிருந்து மார்னி எனக்குப் போன் செய்தாள். பழைய பள்ளி பஸ்ஸை வீடாக்கி முடித்த சந்தோஷத்தில் இருந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் வருகிறது, விறகடுப்பு புகையாமல் எரிகிறது, பின் சக்கரத்துக்கு மேலே ஹேசலுக்குக் கட்டில் போட்டாயிற்று என்று மூச்சு விடாமல் சொன்னாள். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாள். "நேத்து ஒரு சின்ன மேடுக்கா. இறங்கும்போது முடி கருகின மாதிரி ஒரு நாத்தம். புது பிரேக்குன்னா கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்னு கர்ட்டிஸ் சொன்னாரு."

சமதரையில் ஐம்பது மைல் வேகத்தில் போகும்போது இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் கொஞ்சம் கீழே இறங்குகிறதா, இன்னொரு கியர் விழுந்த மாதிரி இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லையே, அது பாட்டுக்கு மேலயே நின்னு கத்திக்கிட்டு இருக்கு" என்றாள். வண்டிக்கு அடியில் போய் கியர்பாக்ஸின் வலது பக்கம் அடித்திருக்கும் தகட்டைப் படிக்கச் சொன்னேன். பாவம், சலவைக் கடை வாசலில் மல்லாந்து படுத்து, எண்ணெயும் மண்ணுமாக இருந்ததைத் துடைத்துப் படித்தாள். ஐந்து, நான்கு, ஐந்து.

அப்புறம் நீங்கள் போனை வாங்கினீர்கள். "இன்ஜின் நீங்க சொன்னது. இப்ப கியர்பாக்ஸ் சரியில்லைங்கறீங்க. நாளைக்கு ஹாரன் சத்தம் பிடிக்கலைன்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். அதிலிருந்து மார்னியின் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. காட்டுக்குள் எங்காவது முகாம் போட்டிருப்பீர்கள், சிக்னல் இருக்காது என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்கிறேன். ஞாயிறு வாக்கில் ஹார்லன் கிரீக்கில் தபால் வாங்குவோம் என்று அவள் சொன்னது ஒன்றுதான் என்னிடம் இருக்கும் விலாசம்.

நீங்கள் மெக்கானிக் இல்லை, ஆனால் புத்திசாலி. அதனால் விளக்கிச் சொல்கிறேன். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றைப் போட்டால் அந்தக் காற்றில் மற்றொன்றும் சுற்றும். உங்கள் கியர்பாக்ஸுக்கு முன்னால் இருப்பது அதுதான், காற்றுக்குப் பதில் எண்ணெய். இன்ஜினும் சக்கரமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. எங்கள் பஸ்களில் இருக்கும் 643 என்ற கியர்பாக்ஸில், வேகம் வந்ததும் இரண்டு விசிறியையும் சேர்த்துப் பூட்டிவிடும் ஒரு பூட்டு உண்டு. 545-இல் அது கிடையாது. சமவெளிக்கு அது போதும், அங்கே அது நல்ல பெட்டிதான். மலையில் ஏறும்போது எண்ணெய் கொதிக்கும். இறங்கும்போது இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் உங்களுக்குப் பிரேக்கைத் தவிர வேறு கதி இல்லை. கெட்டிலின் மேற்குச் சரிவு ஒன்பது மைல். வீட்டையே உள்ளே வைத்திருக்கும் பன்னிரண்டு டன் வண்டியை ஒன்பது மைலுக்குப் பிரேக்கிலேயே பிடித்துக்கொண்டு வர முடியாது. நான்காவது மைலில் பெடல் இருக்கும், பிரேக் இருக்காது.

இந்தத் தவறு என்னுடையது. மார்ச் மாதம் மார்னி போன் செய்தபோது நான் ஒரு பஸ்ஸுக்கு அடியில் கிடந்தேன். பன்னிரண்டு வால்வு இன்ஜின் என்று அவள் சொன்னதும், "அதுவா? கண்ணை மூடிக்கிட்டு வாங்குடி" என்றேன். பின்னால் என்ன கியர்பாக்ஸ் என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. எங்கள் பள்ளி மாவட்டத்தில் பதினான்கு பஸ்கள். மலைப்பாதை என்பதால் புது பஸ்ஸுக்கு எழுதும்போதே பூட்டு உள்ள பெட்டிதான் வேண்டும் என்று எழுதுவார்கள். இருபத்தாறு வருஷமாக அந்த இன்ஜினுக்குப் பின்னால் நான் வேறு எதையும் பார்த்ததே இல்லை. உங்கள் பஸ் கான்சஸ் சமவெளியில் ஓடியது; அங்கே பஸ் வாங்குகிறவர்கள் மலையை நினைத்து எதற்குச் செலவு செய்யப்போகிறார்கள்? மெக்கானிக் என்று பெயர் வைத்துக்கொண்டு இதைக்கூட யோசிக்கவில்லை.

செய்யவேண்டியது இதுதான். ஹார்லன் கிரீக்கிலிருந்து வடக்கே திரும்பி ஆற்றோரச் சாலையைப் பிடியுங்கள். நூற்று நாற்பது மைல் கூடுதல், ஆனால் குழந்தைகூட சைக்கிளில் இறங்கும் சரிவு.

இங்கே எல்லோரும் சுகம். அரசாங்கச் சோதனை வாரம் என்பதால் பதினான்கு பஸ்ஸும் என் தலையில். போன புதன்கிழமை கரடி ஒன்று குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போனது. உங்களுக்கு வேலை தரும் பனிச்சறுக்கு விடுதிக்காரரைக் கடையில் பார்த்தேன், திங்கள் முப்பதாம் தேதி உங்களை எதிர்பார்ப்பதாகச் சொன்னார். சிகரங்களில் வெள்ளை விழ ஆரம்பித்துவிட்டது.

போன நவம்பரில் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் நான் பேசியது மறக்கக்கூடியது இல்லை என்று தெரியும். அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். ஹேசலுக்கு என் முத்தம்.

நலம் விரும்பும்,
ரோண்டா


ப்ரூயிட்
செப்டம்பர் 25, புதன்கிழமை

அன்புள்ள கர்ட்டிஸ்,

உங்கள் அஞ்சலட்டை நேற்று வந்தது. மூன்றே மூன்று வரிகளை இருபது தடவையாவது படித்திருப்பேன். "தகடு பார்த்தேன், 545 தான். எக்ஸாஸ்ட் பிரேக் வாங்கிப் போட்டாகிவிட்டது, சனிக்கிழமை காலை கணவாயைத் தாண்டுகிறோம். நான் முதலில் பார்த்த பஸ்ஸைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை."

படித்ததும் கையிலிருந்த ஸ்பானரைச் சுவரில் விட்டெறிந்தேன். ஷெட்டில் இருந்தவர்கள் ஒதுங்கிப்போனார்கள். கோபம் என் மேல் பாதி, உங்கள் மேல் பாதி.

வடக்குச் சாலையைப் பற்றி நான் எழுதிய நேரம் சரியில்லை. திங்களன்று அங்கே பாறை விழுந்து பத்து நாளைக்கு அடைத்துவிட்டார்கள் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தெற்கே சுற்றினால் முந்நூற்றுச் சொச்சம் மைல், வழியில் இன்னும் இரண்டு கணவாய். திங்கட்கிழமை வேலைக்குப் போய் நிற்கவேண்டும் என்ற பதற்றம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் நேற்று மாலை அந்த விடுதிக்காரர் வீட்டுக்கே போனேன். என்னிடம் சொல்லாமல் ஏன் போனீர்கள் என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஒரு வாரம் தாமதமானால் பாதகமில்லையா என்று கேட்டேன். "ரோண்டா, பனி விழாம எனக்கு அவர வச்சு என்ன வேலை? பத்திரமா வரச் சொல்லு" என்றார். ஆக, வேலை எங்கும் போகவில்லை.

எக்ஸாஸ்ட் பிரேக் விஷயம். உங்களுக்கு அதை விற்றவன் பொய் சொல்லவில்லை, பாதி சொன்னான். அது புகைக்குழாயை அடைத்து இன்ஜினை மூச்சுத் திணறவைக்கும். இன்ஜின் மெதுவாகும். ஆனால் இன்ஜினும் சக்கரமும் பூட்டிக்கொள்ளாத வண்டியில், இன்ஜின் மெதுவானால் சக்கரத்துக்கு என்ன வந்தது? அது பாட்டுக்கு உருளும். பெயரளவுக்குப் பிடிக்கும். அந்தப் பிடியை நம்பி நீங்கள் வேகமாக இறங்குவீர்கள், அதுதான் எனக்குப் பயம். ஒன்றும் இல்லை என்று தெரிந்தவனாவது மெதுவாகப் போவான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை எழுதவேண்டாம் என்று பார்த்தேன். இப்போது எழுதுகிறேன். மேற்குச் சரிவில் ஐந்தாவது மைலில், பிரேக் போன வண்டிகள் ஏறி நிற்பதற்காக மணல் மேடு ஒன்று போட்டிருக்கிறார்கள். ஒரு பஸ் வீடு அதில் ஏறிவிட்டது, வந்து இழுத்துவிடு என்று என்னைக் கூப்பிட்டார்கள். உங்களுடையதைப் போலவே வேலைப்பாடு, நல்ல மர அலமாரி. வண்டி நின்றுவிட்டது, உள்ளே இருந்தது நிற்கவில்லை. விறகடுப்பு போல்ட்டைப் பிய்த்துக்கொண்டு முன்னால் வந்திருந்தது. கணவனும் மனைவியும் பிழைத்தார்கள். அந்த மனுஷன் சாலையோரம் உட்கார்ந்து, "நான் அழுத்திக்கிட்டேதான் இருந்தேன், அழுத்திக்கிட்டேதான் இருந்தேன்" என்று வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். நான்கு மணி நேரம் கழித்துத் தூறல் போட்டபோது பிரேக் டிரம்மிலிருந்து ஆவி வந்தது. அந்த வண்டியின் கியர்பாக்ஸ் தகட்டை நான் அன்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மார்ச் மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

அப்புறம் நீங்கள் கேட்டது. நீங்கள் முதலில் பார்த்த முன்பக்கம் தட்டையான அந்த மொட்டை மூக்கு பஸ், மொன்டானாக்காரர்கள் விற்றது. அதைப் பற்றி நான் எழுதாமல் விட்டது மறதியால் இல்லை. இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் மைல் ஓடிய வண்டி, படிக்கட்டில் துரு வேறு. யாராக இருந்தாலும் தயங்கியிருப்பார்கள். போனில் கேட்டு அதற்கு மேல் எதைச் சொல்ல முடியும்? இப்படி எழுதும்போதே சாக்குப்போக்கு என்று எனக்கே தெரிகிறது. இதை இப்போதைக்கு இங்கேயே விடுகிறேன்.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. எங்கள் ஒன்பதாம் நம்பர் பஸ்ஸைக் கழித்துக்கட்டப்போகிறார்கள். அதற்குள் இருக்கும் 643 நான் போன வருஷம்தான் பிரித்துச் சேர்த்தது. மேலதிகாரியிடம் கேட்டேன், எடுத்துக்கொள் என்றுவிட்டார். அதே இன்ஜின்தான் என்பதால் பொருந்தும். பின்னால் போகும் தண்டை மட்டும் கொஞ்சம் வெட்டிக் குறைக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. பெட்டியையும் ஜாக்கியையும் என் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஹார்லன் கிரீக்குக்கு வந்துவிடுகிறேன். நீங்கள் என்னோடு பேசக்கூட வேண்டாம், விளக்கைப் பிடித்தால் போதும்.

ஞாயிறு வரை நகராமல் இருங்கள். மார்னிக்கு இதைப் படித்துக்காட்டுங்கள், அல்லது காட்டாதீர்கள், உங்கள் விருப்பம். கெஞ்சிக் கேட்கிறேன் கர்ட்டிஸ், நான் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லை.

உங்கள் நலனையே நினைத்துக்கொண்டு,
ரோண்டா


கெட்டில் கணவாய், உச்சி
செப்டம்பர் 28, சனிக்கிழமை காலை ஏழே கால்

தம்பி கர்ட்டிஸ்,

இதை உன் கையில் கொடுப்பதற்காக எழுதுகிறேன். லாரிக்காரர்கள் இறங்குவதற்கு முன்னால் நின்று பிரேக்கைத் தட்டிப் பார்ப்பார்களே, அந்த ஒதுக்கிடத்தில் என் பிக்கப்பை நிறுத்திக்கொண்டு ஐந்தரை மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். நேரில் நிற்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் வாயைத் திறந்தால் நமக்குள் சண்டை வரும். ஒன்பது வருஷமாக ஒரு தடவையாவது வராமல் இருந்திருக்கிறதா? அதனால் நான் பேசப்போவதில்லை. இதை நீட்டுவேன், நீ படி.

என் இரண்டாவது கடிதம் உன்னிடம் வந்து சேரவில்லை. நேற்று மாலை தபால் நிலையத்துக்குப் போன் செய்தேன். அங்கே வேலை பார்க்கும் டாட்டி எனக்குப் பள்ளித் தோழி. "சட்டப்படி உன்கிட்ட இத நான் சொல்லக் கூடாது ரோண்டா. ஆனா உன் கடுதாசி அடுக்குலயே தூங்குது. அந்தப் பச்ச பஸ்காரங்க செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் இந்தப் பக்கமே வரல" என்றாள். நீ எந்தக் காட்டு ரோட்டில் முகாம் போட்டிருக்கிறாய் என்று தெரிந்திருந்தால் ராத்திரியே வந்திருப்பேன். நீ எந்த முகாமிலிருந்து கிளம்பினாலும் இந்த உச்சியைத் தாண்டித்தான் ஆகவேண்டும், அதனால் இங்கே வந்துவிட்டேன்.

அந்தக் கடிதத்தில் இருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸாஸ்ட் பிரேக் இந்தக் கியர்பாக்ஸோடு சேர்ந்தால் பேருக்குத்தான், நம்பாதே. விடுதியில் உனக்கு ஒரு வாரம் அவகாசம் இருக்கிறது, நானே கேட்டுவிட்டேன். என் பிக்கப்பின் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் இருப்பது 643, உனக்காகக் கழற்றி எடுத்தது. நேற்றே பெல்ட் போட்டுக் கட்டி வைத்து, இன்று கொண்டுவந்துவிட்டேன்.

அந்தக் கடிதத்தில் நான் எழுதாமல் மழுப்பிய ஒன்றும் இருக்கிறது. அதற்குத்தான் இந்தத் தாள்.

மொன்டானா பஸ்ஸை முதலில் கண்டுபிடித்தவன் நீ. விளம்பரத்தில் அவர்கள் போட்டிருந்ததை நீ மார்னியிடம் சொல்லியிருக்கிறாய், அவள் எனக்கும் சொன்னாள். மலைப்பாதையில் ஓடிய வண்டி, 643 கியர்பாக்ஸ், எக்ஸாஸ்ட் பிரேக் அவர்களே போட்டது. "மலையில ஓடின பஸ்ஸுன்னா மலைக்குத் தேவையானதெல்லாம் அதுல இருக்கும்ல" என்று நீ சொன்னாயாம். ஒரு மெக்கானிக் சொல்லவேண்டியதை நீ சொல்லியிருக்கிறாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? தெரியும், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தானே நின்றாய். "ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் மைல் ஓடின கிழட்டு வண்டிய வாங்கச் சொல்றானே, உன் புருஷனுக்குக் கண்ணு தெரியுதா தெரியலையா?" என்றேன். நீ கேட்டுக்கொண்டிருந்தது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டேன் என்று எழுதத்தான் ஆசை. பேசியிருப்பேன்.

வண்டியின் குணத்தை நான் பார்க்கவே இல்லை, கர்ட்டிஸ். சொன்னது யார் என்று பார்த்தேன். நீ சொன்னதால் அது தப்பாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டேன். வேறு யாராவது அந்த இரண்டு பஸ்ஸையும் கொண்டுவந்து கேட்டிருந்தால், மொன்டானா வண்டியை வாங்கு, துருவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். இருபத்தாறு வருஷத் தொழிலை உன்மேல் இருந்த எரிச்சலுக்காகத் தூக்கிப் போட்டேன். கியர்பாக்ஸைக் கேட்க மறந்தது கவனக்குறைவு, அதை முதல் கடிதத்திலேயே ஒப்புக்கொண்டேன். இது கவனக்குறைவு இல்லை. அதனால்தான் எழுத வரவில்லை. நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. உன் மனைவியையும் மகளையும் வைத்துக்கொண்டு இந்த வண்டியில் நீ வருவதற்கு நான்தான் காரணம்.

நன்றி நாள் அன்று சாப்பாட்டு மேஜையில் சொன்னதையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். "நாலு வருஷத்துல ஆறு வேல. வீட்டையே சக்கரத்து மேல ஏத்திட்டா வேலைய விட்டுட்டு ஓடறதுக்குச் சௌகரியமா இருக்கும்" என்று ஹேசல் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். நீ தட்டைத் தள்ளிவைக்கவில்லை, எழுந்து போகவில்லை. குழந்தைக்கு உருளைக்கிழங்கு மசியலை எடுத்துப் போட்டாய். அதைப் பார்த்து நான் இன்னும் எரிச்சல்பட்டேன். வாடகை இரண்டு மடங்காகிவிட்ட வீட்டில் தங்கையைப் படாதபாடு பட வைத்தவன் என்று உன்னை நினைத்தேன். அந்த ஆறு வேலையில் நான்கு, முதலாளிகளே இடத்தை இழுத்து மூடியதால் போனவை என்பது எனக்கு அப்போதும் தெரியும். மன்னித்துவிடு. முடியாவிட்டால் மன்னிக்காதே, அது உன் பாடு. ஆனால் அந்தக் கோபத்தை இந்த ஒன்பது மைலில் காட்டாதே.

இங்கே நல்ல குளிர். ராத்திரி பெய்த பனி ஓரங்களில் கிடக்கிறது, சாலை ஈரமாக மின்னுகிறது. பனி அள்ளும் ஆட்களின் பெரிய ஷெட் ஒன்று இந்த ஒதுக்கிடத்துக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே சிமெண்டுத் தரை, ஹீட்டர் உண்டு. மேஸ்திரியிடம் பேசிவிட்டேன். "வியாழக்கிழமை வரைக்கும் வச்சுக்க. அதுக்கப்புறம் என் வண்டிங்களுக்கு எடம் வேணும்" என்றார். இன்றைக்கு ஆரம்பித்தால் செவ்வாய்க்குள் பெட்டியை மாற்றிவிடலாம். தண்டை வெட்டித்தர ப்ரூயிட்டில் ஆள் இருக்கிறான். மார்னியும் ஹேசலும் என் வீட்டில் இருக்கட்டும், சாவி வாசல் மிதியடிக்குக் கீழே. நீயும் நானும் இந்தக் குளிரில் ஒருத்தரையொருத்தர் திட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம்.

காபி ஆறிவிட்டது. இதுவரை பதினோரு லாரிகள் வந்து பிரேக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டன. ஒவ்வொரு தடவையும் வளைவில் இன்ஜின் சத்தம் கேட்டால் பைனாகுலரை எடுத்துப் பார்க்கிறேன். நீ மனதை மாற்றிக்கொண்டு கிளம்பாமலே இருந்துவிட்டால் நான் இங்கே மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டு, என்னை நானே பைத்தியக்காரி என்று சொல்லிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பிப்போவேன். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். நான் கோவிலுக்குப் போகிறவள் இல்லை, உனக்கே தெரியும்.

வந்துவிட்டாய்.

கீழே மூன்றாவது வளைவில் பச்சை நிறம் தெரிகிறது. பைனாகுலரில் பார்க்கிறேன், மெதுவாகத்தான் ஏறுகிறாய். பின்பக்கம் லேசாகப் புகை வருகிறது, அது டீசல் புகை இல்லை, எண்ணெய். பெட்டி இப்போதே கொதித்துக்கொண்டிருக்கிறது. நீ நல்ல டிரைவர், வளைவை அகலமாக எடுக்கிறாய், நடுக்கோட்டைத் தொடவில்லை. முன் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்புத் தொப்பி ஒன்று தெரிகிறது. ஹேசலாகத்தான் இருக்கும். முன்னால் உட்காரவைத்திருக்கிறாய்.

இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது. ஒதுக்கிடத்துக்குள் திரும்பு என்று சாலை நடுவில் நின்று கை காட்டப்போகிறேன். திரும்பாமல் போகமாட்டாய் என்று நம்புகிறேன். நின்று இதையெல்லாம் படித்த பிறகும் இறங்கத்தான் போகிறேன் என்று நீ சொன்னால் நான் தடுக்க மாட்டேன். உன் வண்டி, உன் வீடு. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் இறங்கி என் பிக்கப்பில் ஏறட்டும். சாவி அதிலேயே இருக்கிறது, மார்னி ஓட்டுவாள். நீ ஒன்றாம் கியரில் பத்து மைல் வேகத்துக்கு மேல் போகாமல், ஒதுங்க இடம் கிடைக்கும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, டிரம் ஆறியதும் கிளம்பு.

நான் உன் பக்கத்தில், ஹேசல் உட்கார்ந்திருந்த அந்த இடத்தில் உட்காருவேன். இந்த பஸ்ஸை வாங்கச் சொன்னவள் நான். இது எங்கே போய் நின்றாலும் அங்கே நானும் இருக்கவேண்டும். அடிவாரம் வரும்வரை இப்படிப் பிடி, அப்படித் திருப்பு என்று ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

என்னை வெளியே நிற்கவைத்துவிட்டு மட்டும் போகாதே, தம்பி. கதவைத் திற.

உன் அக்கா,
ரோண்டா